விளிம்பில் இருக்கும் பெயர்

(வேலூர் மாவட்டத்து முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்றின் பொங்கல் வாரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு முதல் வணக்கம். அடுத்த வணக்கம் மேடைக்கு. வரிசையை ஏன் இப்படி வைத்தேன் என்பது போகப்போகத் தெரியும்.

ஜனவரி 14ஆம் தேதி நாடு முழுக்க முன்னாள் படைவீரர் நாள். இந்தியத் தரைப்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரான ஜெனரல் கரியப்பா, 1953இல் அந்தத் தேதியில்தான் பணி ஓய்வு பெற்றார். நம் பக்கத்தில் அன்றைக்குப் போகியோ பொங்கலோ வந்துவிடும். அடுப்பில் பானை பொங்குகிற நேரத்தில் யாரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது? அதனால் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமையில் கூடுவது நம் சங்கத்து வழக்கம். தெருவில் கரும்புச் சக்கை இன்னும் கிடக்கிறது. பேரன் பேத்தியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

சங்கத்துக்கு எப்படிப்பட்ட தலைமை வேண்டும், விருது வாங்கியவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம், மருத்துவ உரிமை நமக்கு எதுவரை இருக்கிறது என்று மூன்று விஷயத்தைப் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டார். மூன்று பேச்சாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எதை எழுதினாலும் ஒரே ஒரு பதக்கம் கண்முன் வந்து நின்றது. அந்தப் பதக்கத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தியது. கண்ணமங்கலம் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு கிராமம். எழுபது தாண்டிய ஓர் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, அவர் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவராம் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். நானும் இன்னொரு நண்பரும் போய்ப் பார்த்தோம். தனியார் மருத்துவமனையில் அறுவை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். மகன் கொத்தனார். வீட்டுப் பத்திரம் அடமானத்தில்.

"பென்ஷன் வருதாம்மா?" என்று கேட்டேன்.

"அவரு இருந்த வரைக்கும் வந்துச்சுப்பா. அவரோடயே அதுவும் போச்சு" என்றார்.

கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. குடும்பப் பென்ஷன் என்ற ஒன்று தனக்கு உண்டு என்று ஒன்பது வருடமாக அந்த அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நம் சங்கக் கொடிக் கம்பத்திலிருந்து அந்த வீடு பதினோரு கிலோமீட்டர். நாம் ஆண்டுதோறும் விழா எடுத்துக்கொண்டிருந்தோம்.

டிஸ்சார்ஜ் புக் கேட்டேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். கரையான் தின்றது போக மண்தான் மிச்சம். பென்ஷன் புத்தகம், ஓய்வூதிய ஆணையான பிபிஓ, கல்யாணப் போட்டோ எதுவும் இல்லை. அடியில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால் இரண்டு பதக்கங்கள். 1971 போருக்குக் கொடுத்த சங்கிராம் மெடல் ஒன்று, மேற்கு எல்லையில் இருந்தவர்களுக்கான பஸ்சிமி ஸ்டார் இன்னொன்று. ரிப்பன் தொட்டால் உதிர்ந்தது.

பதக்கத்தின் முகத்தை எல்லாரும் பார்ப்பார்கள். விளிம்பை யாரும் பார்ப்பதில்லை. வட்டப் பதக்கத்தின் விளிம்பில் பொடி எழுத்தில் படை எண்ணும் பதவியும் பெயரும் யூனிட்டும் பொறித்திருக்கும். அந்த அம்மாவின் மருமகள் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள். வெயிலில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தோம். ஓர் இலக்கம் 3ஆ 8ஆ என்று பிடிபடவில்லை. இரண்டையும் எழுதி, இரண்டில் ஒன்று இவர் எண் என்று ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் போட்டோம். ஆறு வாரத்தில் பதில் வந்தது. ஆள் இருக்கிறார், பதிவு இருக்கிறது, மனைவியின் பெயரும் இருக்கிறது.

அதற்குப் பிறகும் பதினான்கு மாதம் பிடித்தது. நிலுவையோடு பென்ஷன் வந்தது, அடமானம் மீண்டது, இசிஎச்எஸ் மருத்துவ கார்டும் கைக்கு வந்தது. இடுப்பு அறுவைக்குக் கட்டிய பணம் மட்டும் திரும்பவில்லை. உறுப்பினர் ஆவதற்கு முன்னால் செய்த செலவை எங்கே போய்க் கேட்பது?

அந்தப் பதினான்கு மாதத்தில் பாதி எதில் போனது தெரியுமா? ஒரு மெய்யெழுத்தில். பதிவில் அந்த அம்மா பெயர் 'முனியம்மா'. ஆதாரில் 'முனியம்மாள்'. அந்தக் கடைசி 'ள்' இல்லாததால் இரண்டு பேரும் ஒருவர்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்று, மறுபடியும் கடிதம், மறுபடியும் திருப்பி அனுப்பினார்கள்.

இதை நான் வெளியில் நின்று சொல்ல முடியாது. பதினேழு வருடம் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவன் நான். கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் பார்ட் டூ ஆர்டர் போட்டால்தான் அது பதிவுக்குப் போகும். லீவு முடிந்து வந்த பையன் என் மேசை முன்னால் நிற்பான். மனைவி பெயர் சொல்வான். பிறந்த தேதி கேட்டால் விழிப்பான். "ஆடி மாசம்னு சொன்னாங்க சார்" என்பான். நான் ஜூலை 1 என்று போடுவேன். நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் ஒரு நாள் அப்பா பெயர் ஏறும், ஒரு நாள் ஊர்ப் பெயர் ஏறும். 'ழ'வும் 'ள'வும் 'ல'வும் ஒரே ஆங்கில எழுத்தில் அடங்கிவிடும். பரேடு நேரத்துக்குள் நாற்பது பேர் காகிதத்தை முடிக்க வேண்டிய அவசரம் எனக்கு. முப்பது வருடம் கழித்து ஒரு கைம்பெண் மருத்துவமனை வாசலில் அந்த எழுத்துக்காக நிற்பாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. நான் எழுதிய பெயர்களில் எத்தனை இப்படி இருக்கும் என்று இரவில் நினைத்துப் பார்த்திருக்கிறேன். சங்க வேலைக்கு நான் வந்தது அதனால்தான்.

இனி இசிஎச்எஸ் பற்றி. இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். தெரியாத பாதிப் பேருக்காகச் சொல்கிறேன்.

படையில் இருக்கும் வரை சிப்பாய்க்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் முழுக்கப் பட்டாளத்தின் பொறுப்பு. ஓய்வு பெற்ற மறுநாள் அது அறுந்தது. மத்திய அரசின் சிவில் ஊழியர்களுக்கு 1954இலேயே மருத்துவத் திட்டம் தொடங்கிவிட்டது. அறுபது வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு அது இருந்தது. முப்பத்தேழு நாற்பது வயதில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே வெளியே வருகிற நமக்கு இல்லை. ராணுவ மருத்துவமனையில் இடம் இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு நம் மாவட்டத்துக்காரர் பரங்கிமலைக்குப் போக வேண்டும். நெஞ்சுவலிக்காரரைப் பேருந்தில் உட்காரவைத்து அழைத்துப் போனதை நேரில் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். இல்லையென்றால் மாதம் 100 ரூபாய் மருத்துவப்படி.

2002 டிசம்பர் கடைசியில் அரசாணை வந்து, 2003 ஏப்ரல் 1ஆம் தேதி இசிஎச்எஸ் தொடங்கியது. முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் என்று தமிழில் எழுதுகிறோம். வாயில் யாருக்கும் அது வருவதில்லை, இசிஎச்எஸ் என்றே சொல்வோம். ஒரு முறை பணம் கட்டினால் ஆயுள் முழுக்க உறுப்பினர். முதலில் 227 பாலிகிளினிக் அமைத்தார்கள், 2010இல் இன்னும் 199க்கு அனுமதி கொடுத்தார்கள். பாலிகிளினிக்கில் டாக்டர் பார்ப்பார், மருந்து கொடுப்பார்கள். பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு ரெஃபரல் எழுதுவார்கள். அங்கே நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை.

மூன்று விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த மூன்றிலும் நம் ஜனம் ஏமாந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் கட்ட வேண்டும் என்று பயந்து சேராமலே இருக்கிறவர்கள் உண்டு. 1996 ஜனவரி 1க்கு முன்னால் பென்ஷன் பெற்று வெளியே வந்தவர்களும், அவர்களுடைய குடும்பப் பென்ஷன் வாங்கும் மனைவிமாரும் ஒரு பைசா கட்ட வேண்டாம். போரில் உயிர் விட்டவர்களின் மனைவிமாருக்கும் விலக்கு உண்டு. நான் சொன்ன அந்த அம்மாவும் கட்டவில்லை. 2003 ஏப்ரலுக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு ஓய்வூதியக் காகிதத்திலேயே பிடித்தம் ஆகிவிடும். இடையில் வந்தவர்கள்தான் கட்டிச் சேர வேண்டும். தங்கள் தேதி எது என்றே தெரியாமல் இருபது வருடம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது அவசரம். மாரடைப்பு, விபத்து, பாம்புக்கடி என்றால் ரெஃபரலுக்கு அலைய வேண்டாம். பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே சேருங்கள். பட்டியலில் இல்லாத மருத்துவமனையானாலும் சேரலாம். ஆனால் இரண்டு நாளுக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். பட்டியலில் இல்லாத இடத்தில் பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கலாம். அரசு நிர்ணயித்த விகிதப்படிதான் வரும், கட்டியது முழுக்க வராது. அப்பாவைக் காப்பாற்றுகிற பதற்றத்தில் மகன் தகவல் சொல்ல மறந்துவிடுகிறான். அந்த வேலையைச் செய்யச் சங்கத்தில் ஓர் ஆள் வேண்டும். நள்ளிரவிலும் போன் எடுக்கிற ஆள்.

மூன்றாவது, யார் யார் சேரலாம் என்பது. மகனுக்கு 25 வயது வரை, அல்லது வேலையோ கல்யாணமோ ஆகும் வரை. மகளுக்கு வயது வரம்பு இல்லை. சம்பாதிக்கத் தொடங்கும் வரை அல்லது திருமணம் ஆகும் வரை உண்டு. கணவனை இழந்தோ விவாகரத்தாகியோ திரும்பி வந்து உங்களை நம்பி இருக்கும் மகளுக்கும் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க. பெற்றோருக்கும் உண்டு, அவர்கள் வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த வரம்புக்குள் இருந்தால்.

திட்டத்தில் குறை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. மருத்துவமனைக்குப் போக வேண்டிய பில் தொகை தாமதமாவதும், அதைக் காரணம் காட்டி நம் ஆட்களைச் சில மருத்துவமனைகள் தட்டிக் கழிப்பதும் நாடறிந்த சங்கதி. எனக்கே நடந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில், கார்டைக் காட்டிய பிறகு 'படுக்கை இல்லை' என்றார்கள். பணம் கட்டுகிறேன் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னதும் படுக்கை வந்தது. மனைவி மூச்சுத் திணறி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் கோபப்படுவதா, கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கும்பிட்டேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்து தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். இப்படி ஒவ்வொருவரும் எழுதித் தந்தால்தான் சங்கம் மேலே பேச முடியும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர்க் கூட்டத்துக்குப் பொதுவாகப் 'பிரச்சினை இருக்கிறது' என்று போய் நின்றால் அவர்களும் பொதுவாகவே பதில் சொல்வார்கள்.

இங்கேதான் தலைமை என்ற பேச்சு வருகிறது.

சங்கத் தலைவர் யார் என்றால் நம்மில் பெரிய பதவியில் இருந்தவர் என்று வழக்கமாகிவிட்டது. கர்னல் இருந்தால் கர்னல், இல்லையென்றால் கேப்டன், அவரும் இல்லையென்றால் சுபேதார் மேஜர். பட்டாளத்து ஒழுங்கு அப்படிப் பழக்கியிருக்கிறது. நல்ல அதிகாரிகள் நல்ல தலைவர்களாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சிவில் வாழ்க்கையில் சங்கம் ஒரு யூனிட் இல்லை. பதிவுச் சட்டத்தின் கீழ் வருகிற, ஆண்டுக் கணக்குக் காட்ட வேண்டிய, ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் ஓட்டு உள்ள அமைப்பு. அதில் ஓட்டுப் போடக் கைம்பெண்களை எத்தனை சங்கம் கூப்பிடுகிறது? மேடையில் பொன்னாடை போர்த்தக் கூப்பிடுகிறோம். கமிட்டியில் உட்காரக் கூப்பிடுவதில்லை. பென்ஷன் காகிதத்தில் அதிகம் சிக்கித் தவிக்கிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் இல்லாத கமிட்டி எதைத் தீர்க்கப்போகிறது?

இதற்கு வெளியூர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை வகித்தவர் டக்ளஸ் ஹெய்க். அவர் நடத்திய போர்களில் மடிந்தவர்களின் எண்ணிக்கைக்காகச் சரித்திரம் இன்றுவரை அவரைக் கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் போர் முடிந்ததும் அவருக்குப் பட்டம் கொடுக்க அரசு முன்வந்தபோது, ஊனமான வீரர்களுக்கும் இறந்தவர் குடும்பங்களுக்கும் சரியான ஏற்பாடு ஆகும்வரை எனக்குப் பட்டம் வேண்டாம் என்று நிறுத்திவைத்தார். 1921 மே மாதம் நான்கு முன்னாள் வீரர் அமைப்புகள் ஒன்றாகிப் பிரிட்டிஷ் லீஜன் உருவானபோது, அதிகாரிகளுக்குத் தனிச் சங்கம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. அதிகாரியும் சிப்பாயும் ஒரே கூரையின் கீழ்தான் என்றார். அந்த அமைப்பின் முதல் சேர்மன் தாமஸ் லிஸ்டர், பீரங்கிப் படையில் கீழ்மட்டத்தில் பணியாற்றியவர். தலைமைத் தளபதி மரியாதைக்குரிய தலைவர், வேலையை நடத்துகிறவர் சாதாரண வீரர். அதே ஆண்டு கேப்டவுனில் உருவான பேரரசு அளவிலான அமைப்புதான் இன்றைய ராயல் காமன்வெல்த் எக்ஸ்-சர்வீசஸ் லீக். கரியப்பா முன்னின்று 1964இல் தொடங்கிய நம் இந்திய எக்ஸ்-சர்வீசஸ் லீகும் அதோடு இணைந்தது. ஆக, இந்த ஏணிப்படி நம் ஊர் வரைக்கும் வருகிறது. கீழ்ப்படி நாம்தான்.

நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தேர்தலில் நிற்கிறவரிடம் எந்தப் பதவியில் ரிட்டயர் ஆனீர்கள் என்று கேட்காதீர்கள். போன வருடம் எத்தனை பேர் காகிதத்தைக் கையில் எடுத்தீர்கள், எத்தனை முடிந்தது, முடியாதது ஏன் என்று கேளுங்கள். ஓர் ஊரில் இரண்டு சங்கம், மூன்று சங்கம் என்று பிரிந்து, ஒருவர் கொடியேற்றினால் அடுத்தவர் வராமல் இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. சியாச்சினில் ஒரே டென்ட்டில் படுத்தவர்கள், சொந்த ஊரில் எதிரெதிர் பந்தலில் உட்காருகிறார்கள்.

விருதுக்கு வருகிறேன். பரம்வீர் சக்கரம், மகாவீர் சக்கரம், வீர் சக்கரம் மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்று நிறுவப்பட்டவை. இதுவரை பரம்வீர் சக்கரம் 21 பேருக்கு. அதில் 14 பேர் அதைக் கையில் வாங்க உயிரோடு இல்லை. அந்த வரிசையில் நம்மவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25, இலங்கை. இந்திய அமைதிப் படையில் அங்கே போனவர்களில் பரம்வீர் சக்கரம் அவர் ஒருவருக்குத்தான்.

அந்தப் போரைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசுவது எளிதல்ல. சொந்த மொழி பேசுகிற மண்ணில் துப்பாக்கியோடு நின்றவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் பட்ட பாடும் நமக்குத் தெரியும். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது மாநில முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியலைத் தீர்ப்பது என் வேலை இல்லை. ஆனால் 'இலங்கை' என்று பட்டை பொருத்திய சிறப்புச் சேவைப் பதக்கத்தை முப்பத்தைந்து வருடமாக மார்பில் குத்தாமல் பீரோவில் வைத்திருக்கும் மனிதர்களை எனக்குத் தெரியும். போ என்று அனுப்பிய இடத்துக்குப் போனவர்கள் அவர்கள். குண்டுச் சிதறல் காலில் இருக்கிறது, ஊனப் பென்ஷன் கேட்க வாய் வரவில்லை. அவர்கள் வீட்டுக்கு நாம் போக வேண்டும்.

காஞ்சிபுரம் பக்கம் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் பெற்றவர் அவர், மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர். கார்கிலில் திருச்சி மேஜர் சரவணன், அவர் உடல் கிடைக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. 2014இல் காஷ்மீரில் மேஜர் முகுந்த் வரதராஜன், அசோக சக்கரம். 2020 ஜூனில் கல்வானில் ராமநாதபுரம் ஹவில்தார் பழனி, வீர் சக்கரம். திரைப்படம் வந்ததால் முகுந்தை ஊருக்கெல்லாம் தெரிகிறது, நல்லதுதான். நம் கம்மவான்பேட்டையில் முதல் உலகப் போர் தொடங்கி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோருக்குப் படமும் இல்லை, சக்கரமும் இல்லை. ஒன்பது வருட சேவைப் பதக்கம்தான்.

வீர விருதோடு மாதப் படி வருகிறது. 2017இல் அதை இரண்டு மடங்காக்கினார்கள். பரம்வீர் சக்கரத்துக்கு 20,000 ரூபாய், அசோக சக்கரத்துக்கு 12,000, வீர் சக்கரத்துக்கு 7,000. அதே ஆண்டு நடந்த இன்னொரு மாற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். அதுவரை, விருது பெற்றவரின் மனைவி மறுமணம் செய்தால் அந்தப் படி தொடர வேண்டும் என்றால் இறந்தவரின் சகோதரனைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. யாரை மணப்பது என்று காகிதம் அந்தப் பெண்ணுக்குச் சொன்னது. 2017 நவம்பரில் அது நீங்கியது. சுதந்திரம் வந்து எழுபது வருடம் கழித்து. எத்தனை பெண்கள் அந்த வரியால் எந்த வாழ்க்கைக்குள் தள்ளப்பட்டார்களோ. நம் சங்கங்கள் எதுவும் அந்த வரியை எதிர்த்துத் தீர்மானம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கமிட்டியில் பெண்கள் இருந்திருந்தால் போட்டிருப்போம்.

ஒரே பதவி ஒரே ஓய்வூதியப் போராட்டத்தில் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. நான் அதைச் செய்திருக்க மாட்டேன். செய்தவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். 1973இல் இழந்த அந்த உரிமையைக் கேட்டு நாற்பது வருடம் மனு எழுதினோம். 2015 ஜூனில் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள், நவம்பர் 7ஆம் தேதி அரசாணை வந்தது, 2014 ஜூலை முதல் கணக்கிட்டுப் பணமும் வந்தது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் மூத்த பென்ஷன்காரர் வீடுகளில் மருந்துச் செலவுக்கு மூச்சு விட முடிந்தது. அங்கே கர்னலும் சிப்பாயும் ஒரே விரிப்பில் உட்கார்ந்திருந்ததைப் பலரும் பார்த்தோம்.

ஒன்றே ஒன்று பாக்கி. 2022இல் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு வருடம் முடிந்து நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் வெளியே வருவார்கள். பென்ஷன் இல்லை, இசிஎச்எஸ் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. நம் தாலுகாவிலிருந்தும் பையன்கள் போயிருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வந்து இந்த வாசலில் நிற்கும்போது, எங்கள் விதியில் உனக்கு இடமில்லை தம்பி என்று சொல்லப்போகிறோமா? சங்க விதி நாம் எழுதியது. இந்தப் பொதுக்குழுவிலேயே அதைத் திருத்தி அவர்களுக்கு முழு உறுப்பினர் உரிமை கொடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் எழுந்து நிற்கிறார், நன்றி.

கடைசியாக ஓர் அறிவிப்பு. ஒவ்வொரு மாதமும் மூன்றாம் ஞாயிறு காலை ஒன்பது மணியிலிருந்து சங்கக் கட்டடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, வங்கிப் பாஸ்புக், ஆதார், எது இருக்கிறதோ கொண்டு வாருங்கள். மனைவி பெயரையும் பிறந்த தேதியையும் இரண்டு காகிதத்திலும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்ப்போம். ஆள் நன்றாக இருக்கும்போதே பாருங்கள். வெலிங்டனோ, பெங்களூரோ, நாசிக்கோ, செகந்திராபாத்தோ, ஜபல்பூரோ, எந்த ரெக்கார்ட் ஆபீஸானாலும் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். உங்கள் தெருவில் பட்டாளத்தார் வீடு என்று பெயர் மட்டும் மிஞ்சி, உள்ளே வயதான அம்மா ஒருவர் தனியாக இருந்தால் அவரையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆட்டோக் காசு சங்கம் கொடுக்கும். காகிதம் ஒன்றுமே இல்லையென்றால் பதக்கத்தை மட்டும் எடுத்து வாருங்கள். விளிம்பைப் படிக்கப் பெரிய லென்ஸ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.